ஐந்தரை வயசுப் பையன் தினமும் குறட்டை விடுகிறான்: எப்போது டாக்டரிடம் போக வேண்டும், எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு ஐந்தரை வயசு. எட்டு மாதமாகத் தினமும் குறட்டை, வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, கிரேடு 3 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் ஏழெட்டு வயசில் தானாகச் சுருங்கிவிடும், பொறுங்கள் என்கிறார். மாமியாரோ, "அவங்க அப்பாவும் சின்னதுல இப்படித்தான். அசந்து தூங்குறான், விடு" என்கிறார். குறட்டை ஆபத்தா, எப்போது பயப்பட வேண்டும் என்பது கேள்வி. ஆனால் கேள்வியைப் படித்தால், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று தோன்றுகிறது. பொறுத்திருந்தால் பிள்ளைக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடுமா? அவசரப்பட்டால் தேவையில்லாமல் கத்தி வைத்ததாகிவிடுமா? இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் எதை வைத்து முடிவெடுப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பையனைப் பார்க்காமல், தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்காமல், இவனுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் யாரும் சொல்ல முடியாது. அதை முடிவு செய்ய என்னென்ன விவரம் வேண்டும், அதில் எதையெல்லாம் நீங்களே வீட்டில் சேகரிக்கலாம் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பாதி வீடுகளில் இருக்கிற நம்பிக்கை. குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் இல்லை. மூச்சு போகிற வழி எங்கோ குறுகியிருக்கிறது, அந்த இடுக்கில் காற்று போகும்போது தொண்டையின் மெல்லிய சதை அதிர்கிறது, அந்த அதிர்வுதான் சத்தம். சளி பிடித்த வாரத்தில் எந்தக் குழந்தையும் குறட்டை விடும். பள்ளியில் சேர்ந்த புதிதில் வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம், அந்தச் சமயத்துக் குறட்டையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத நாட்களிலும் வாரத்துக்கு மூன்று இரவு அல்லது அதற்கு மேல் குறட்டை வந்தால்தான் அதைத் தொடர் குறட்டை என்கிறோம். பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு அப்படி இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சத்தம் மட்டும்தான், தூக்கமோ ஆக்ஸிஜனோ கெடுவதில்லை. மொத்தக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு மட்டும் தொண்டையில் மூச்சு வழி திரும்பத் திரும்ப அடைபட்டுத் தூக்கம் உடைகிறது. தூக்கத்தில் மூச்சடைப்பு என்பது இதுதான். உங்கள் பையன் சத்தம் மட்டும் போடுகிற கூட்டத்தில் இருக்கிறானா, மூச்சடைப்பு உள்ள கூட்டத்தில் இருக்கிறானா? மற்ற எல்லா முடிவும் இந்த ஒன்றைப் பொறுத்தது.

இந்த வயசில் ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் தெளிவு. மூக்கின் பின்பக்கம், அண்ணாக்குக்கு மேலே அடினாய்டு என்கிற சதை. தொண்டையின் இரு பக்கமும் டான்சில். கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தி உருவாக்கும் வேலையில் இரண்டுக்கும் பங்கு உண்டு, அதனால் முதல் சில வருஷங்களில் வேகமாக வளர்கின்றன. முகமும் தாடையும் அதே வேகத்தில் வளர்வதில்லை. இரண்டு வயசு முதல் எட்டு வயசு வரை, இருக்கிற இடத்துக்குச் சதை அதிகம். பிறகு முகம் பெரிதாகும், சதை சுருங்கும். "தானாகச் சுருங்கிவிடும்" என்று சொன்ன டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் சுருங்கும்வரை இருக்கிற இரண்டு மூன்று வருஷம் பிள்ளை எப்படித் தூங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எந்த ஸ்கேனும் தராத தகவல் இதில் கிடைக்கும். பையன் தூங்கியதும் ஒன்பதரை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு "சாதாரணக் குறட்டைதான்" என்று முடிவு கட்டாதீர்கள். கனவு வருகிற தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம், அந்த நேரத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். குழந்தைகளுக்கு மூச்சடைப்பு பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். பனியனைக் கழற்றிவிட்டு, போர்வையை இடுப்புவரை இறக்கி, முகம், கழுத்து, மார்பு, வயிறு நான்கும் தெரிகிற மாதிரி ஒரு சிறிய விளக்கு வெளிச்சத்தில் போனில் வீடியோ எடுங்கள். மின்விசிறிச் சத்தம் குறட்டையை மறைத்துவிடும், அந்த மூன்று நிமிஷம் அதைக் குறைத்து வையுங்கள். வீடியோ இரண்டு மூன்று நிமிஷமாவது இருக்கட்டும். இருபது விநாடி வீடியோவில் எதுவும் பிடிபடாது. மூன்று நான்கு இரவு, அதுவும் சளி இல்லாத இரவுகளாகப் பார்த்து எடுங்கள்.

வீடியோவில் சத்தத்தைவிடச் சத்தம் நின்றுபோகும் இடத்தைக் கவனியுங்கள். குறட்டை ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். மார்பும் வயிறும் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும், காற்று போகாது. பிறகு ஒரு விக்கல் மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன் இழுப்பது மாதிரி ஒரு பெரிய மூச்சு, உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போடும், புரண்டு படுப்பான், மறுபடி குறட்டை. பெரியவர்களுக்குப் பத்து விநாடி மூச்சு நின்றால்தான் கணக்கு. குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு இழுக்கும் நேரம் அடைபட்டாலே கணக்கு. இவன் வயசுப் பிள்ளை தூக்கத்தில் நிமிஷத்துக்கு இருபது மூச்சு விடுகிறான் என்று வைத்தால், அது வெறும் ஆறு விநாடி. ஆறு விநாடி மௌனத்தை நாம் தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவே மாட்டோம், வீடியோ எடுக்கச் சொல்வது அதனால்தான். இன்னொன்று, மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு உள்ளே போய் வயிறு மட்டும் மேலே எழும்பினால், கழுத்துக் குழியும் விலா இடுக்கும் குழிந்து குழிந்து எழுந்தால், மௌனம் இல்லாவிட்டாலும் அவன் மூச்சுக்குப் போராடுகிறான் என்று அர்த்தம். கழுத்தைப் பின்னால் வளைத்து அண்ணாந்து தூங்குவது, உட்கார்ந்த நிலையில் தூங்குவது, இரண்டு மூன்று தலையணை கேட்பது எல்லாமே மூச்சு வழியைத் திறந்து வைத்துக்கொள்ள உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் உபாயங்கள். வியர்வையைச் சென்னையில் நம்ப முடியாது. ஆனால் ஏசி ஓடும்போதும், மார்கழி ராத்திரியிலும் தலையணை நனைகிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் அடையாளங்கள் உண்டு, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். தூக்கம் கெட்ட குழந்தை பெரும்பாலும் தூங்கி வழியாது, துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காது, சின்ன விஷயத்துக்குக் கத்தும், பாடத்தில் மனம் நிற்காது. மிஸ் டைரியில் "கவனம் இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு ஹைப்பர் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் ராத்திரி எப்படித் தூங்குகிறது என்று ஒருவராவது கேட்க வேண்டும். காலையில் எழுப்ப முடியாமல் போவது, எழுந்ததும் தலைவலி, நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பது, வேன் ஏறியதும் தூங்கிவிடுவது, இறைச்சியோ சப்பாத்தியோ மென்று விழுங்கத் திணறி ரசம் சாதம் மட்டும் போதும் என்பது, எடை ஏறாமல் நிற்பது, இதையெல்லாம் கேட்போம். ஐந்து வயசில் படுக்கையில் ஒன்றுக்குப் போவது தனியாகப் பெரிய விஷயமில்லை. ஆறு மாதம் காய்ந்த படுக்கையில் படுத்திருந்த பிள்ளை, குறட்டை ஆரம்பித்த பிறகு மறுபடி நனைக்கிறது என்றால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். காதையும் சேர்த்துப் பாருங்கள். அடினாய்டு பெரிதானால் மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் அடைபட்டு உள்ளே நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. டி.வி. சத்தத்தைக் கூட்டுவான், கூப்பிட்டால் "ஆங்?" என்பான், சொல்பேச்சு கேட்பதில்லை என்று திட்டு வாங்குவான்.

சிலர் வீடியோ எடுத்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. தூங்கும்போது உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், மூச்சு நின்று தட்டி எழுப்ப வேண்டியிருந்தால், விழித்திருக்கும்போதே மூச்சு இழுக்கச் சத்தம் வந்து மார்பு குழிந்தால், காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் வாயில் வடிந்தால், அன்றே, அந்த நேரமே, 108-ஐ அழையுங்கள் அல்லது பக்கத்தில் இருக்கிற அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைத்து நாற்றமுள்ள சளி வந்தால் அது பெரும்பாலும் சதை வளர்ச்சி இல்லை, மூக்குக்குள் எதையோ திணித்துக்கொண்டிருக்கலாம். புளியங்கொட்டை, பாசி மணி என்றால் ஒரு நாள் தாமதம் தாங்கும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். ஒரு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்றோ கர்ரென்றோ சத்தம் வந்தால் அதைக் குறட்டை என்று நினைக்காதீர்கள். குரல்வளை மென்மையாக இருப்பதால் வருவதாக இருக்கலாம், பெரும்பாலும் ஒன்றரை இரண்டு வயசுக்குள் சரியாகிவிடும், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள், தாடை சிறியதாகப் பிறந்தவர்கள், அண்ணப்பிளவு தைத்தவர்கள், தசை அல்லது நரம்பு பலவீனம் உள்ளவர்கள், உடல் பருமன் அதிகமுள்ளவர்கள் இவர்களுக்குக் குறட்டை லேசாக இருந்தாலும் சீக்கிரம் பரிசோதனை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் குறட்டையே இல்லாவிட்டாலும் நான்கு வயசுக்குள் ஒரு தடவை தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் வழிகாட்டுதல்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் எக்ஸ்ரே. கிரேடு 3 என்றால், எடுத்த அந்த நேரத்தில் மூக்கின் பின்வழியில் பாதிக்கு மேல் சதை அடைத்துக்கொண்டிருந்தது என்று பெரும்பாலும் அர்த்தம். அது மூச்சடைப்புக்கு அளவுகோல் இல்லை. பிள்ளை அழுதாலோ, வாயைத் திறந்திருந்தாலோ, எச்சில் விழுங்கிய நொடியில் எடுத்தாலோ நிழல் மாறும். சளி பிடித்த வாரத்தில் எடுத்தால் சதை வீங்கித் தெரியும். டான்சிலும் அப்படித்தான். தொண்டையில் இரண்டு டான்சிலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், பிள்ளை நன்றாகத் தூங்கும். சிறிய டான்சில் உள்ள குழந்தைக்கு மூச்சு அடைக்கும். அதனால் கிரேடு எண்ணை மட்டும் வைத்து ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். இரவு எப்படி இருக்கிறது, பகல் எப்படி இருக்கிறது, உள்ளே எவ்வளவு சதை இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு.

மூச்சடைப்பு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது ஸ்லீப் ஸ்டடி என்கிற ஒரு இரவுப் பரிசோதனை. தலையில், நெஞ்சில் ஒட்டுவயர்கள், மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, அம்மாவோ அப்பாவோ கூடப் படுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு அடைபட்டது அல்லது குறைந்தது என்று எண்ணுவார்கள். குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேல் போனாலே இயல்பில்லை. ஐந்துவரை லேசானது, பத்துவரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல் என்பதால், பெரியவர்களின் கணக்கில் ரிப்போர்ட் எழுதிவிட்டால் பிள்ளையின் நோய் காணாமல் போய்விடும். ரிப்போர்ட் வாங்கியதும் குழந்தை அளவுகோலில் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். சென்னையிலும் எல்லா இடத்திலும் குழந்தைகளுக்கு இது செய்வதில்லை, செலவும் உண்டு. ஆரோக்கியமான பிள்ளை, பெரிய டான்சில், வீடியோவில் தெளிவான மூச்சடைப்பு என்றால், பல ஈ.என்.டி. டாக்டர்கள் பரிசோதனை இல்லாமலே ஆபரேஷனுக்குப் போவார்கள், அது தவறில்லை. வீடியோவும் சதையின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதும், இரண்டு வயசுக்குக் கீழேயும், மேலே சொன்ன வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் பரிசோதனை கண்டிப்பாகத் தேவை. வீட்டில் இருக்கிற விரல் ஆக்ஸிமீட்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் பிள்ளையின் விரலில் நழுவி 82 என்று காட்டிப் பயமுறுத்தும், அல்லது 98 என்று காட்டிப் பொய்யாகத் தைரியம் கொடுக்கும். டாக்டர் தரும் கருவியில் இரவு முழுக்கப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப 90-க்குக் கீழே இறங்கினால் அது நம்பத் தகுந்தது. இறங்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மருந்தால் சரியாகுமா என்று அடுத்த கேள்வி வரும். லேசான அடைப்புக்கு, முக்கியமாகத் தும்மல், மூக்கு அரிப்பு, காலையில் மூக்கு ஒழுகல் சேர்ந்திருந்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே உதவும். மொமெட்டசோன் மாதிரியான ஸ்ப்ரே, இந்த வயசுக்கு ஒரு மூக்குத் துவாரத்துக்கு ஒரு அழுத்து, தினமும் ஒரு தடவை, டாக்டர் எழுதிய பிறகு. ஆறு வாரமாவது விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். பத்து நாளில் "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுவதுதான் இது தோற்றுப்போக முதல் காரணம். இரண்டாவது காரணம் அடிக்கும் விதம். முதலில் உப்பு நீர்ச் சொட்டு மருந்தால் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள் (மருந்துக்கடையில் கிடைப்பது, குழாய்த் தண்ணீரில் கரைத்தது வேண்டாம்). தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். முனையை அதே பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரை நோக்கி அடித்தால் மருந்து வீணாகும், ரத்தமும் கசியும். மெதுவாக மூச்சு இழுத்தால் போதும், உறிஞ்ச வேண்டாம், உறிஞ்சினால் தொண்டைக்குப் போய்விடும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மூக்கு அதற்குப் பழகி, நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும். மாண்டெலுகாஸ்ட் மாத்திரையும் சில குழந்தைகளுக்கு எழுதுவார்கள், சிலருக்குப் பலன் உண்டு. ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கடுமையான எச்சரிக்கை சேர்த்திருக்கிறது. மாத்திரை ஆரம்பித்த பிறகு பிள்ளையின் போக்கு மாறினால் நிறுத்துவது பற்றி அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றிரண்டு நிஜமாகவே ஆபத்து. எண்ணெய்க் குளியல் நாளில் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் சிறுகச் சிறுக நுரையீரலுக்குள் இறங்கி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத நிமோனியாவை உண்டாக்கலாம். பாட்டியிடம் சண்டை போடாமல், தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். கற்பூரத்தைத் துணியில் கட்டித் தலையணையில் வைப்பதும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரலாம். தூங்கும்போது வாயில் டேப் ஒட்டும் புதுப் பழக்கம் ஒன்று வீடியோக்களில் பரவுகிறது. மூக்கு அடைத்த பிள்ளைக்கு இருக்கிற ஒரே வழியையும் அடைப்பது அது, செய்யவே செய்யாதீர்கள். உண்மையில் பலன் தருவது புகையை வெளியேற்றுவது. வீட்டில் யார் சிகரெட் பிடித்தாலும், பால்கனியில் பிடித்தாலும், குறட்டை கூடும். கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள், சாம்பிராணி போடுவதானால் பிள்ளை இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்து. நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தைத் தூசிப்பூச்சி செழிக்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் அது சாகும். வெறும் தண்ணீரில் அலசினால் சாகாது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூக்கும் பூஞ்சையையும் துடைத்துவிடுங்கள். ஒவ்வாமை இருக்கிற குழந்தைக்கு இவை உதவும். இவற்றால் மட்டும் மூச்சடைப்பு போய்விடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஆபரேஷன் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன். பெரிய டான்சில், அடினாய்டு, கூடவே பரிசோதனையில் மூச்சடைப்பு என்றால் இரண்டையும் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயசுவரை 464 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பிரிவைக் காத்திருக்க வைத்து, ஏழு மாதம் கழித்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்புக்கு வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற எண்: ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பானது. நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை ஆகியவை ஆபரேஷன் பிரிவில் தெளிவாக மேம்பட்டன. ஆனால் உட்கார்த்தி வைத்து எடுத்த கவனத் தேர்வுகளில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் "ஆபரேஷன் செய்தால் படிப்பு வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லேசான நோய்க்குச் சில மாதம் கவனித்துக் காத்திருக்க இடமிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பத்து தடவை மூச்சு அடைகிற பிள்ளையைக் காக்க வைக்க இடமில்லை, வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். உடல் பருமன் உள்ள குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் மூச்சடைப்பு மிஞ்சுவது சகஜம். எடை குறைப்பதும், சிலருக்கு இரவில் காற்றழுத்த முகமூடியும் தேவைப்படும்.

டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எடுத்த குழந்தைகள் அடுத்த சில வருஷங்களில் அடிக்கடி நோயில் விழுவதாகக் காட்டும் தெளிவான ஆதாரம் இல்லை. உடம்பில் அந்த வேலையைச் செய்ய வேறு நிறைய இடங்கள் உண்டு. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மூச்சு சம்பந்தமான நோய்கள் சற்று அதிகம் என்றது. ஆனால் அடிக்கடி நோய்வாய்ப்பட்ட குழந்தைகளுக்குத்தானே டான்சிலை எடுப்பார்கள், எது காரணம் எது விளைவு என்று அதில் பிரிக்க முடியாது. இந்த விஷயம் முழுதாகத் தீரவில்லை. காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல வாதம், காரணம் இருக்கும்போது எடுக்காமலிருப்பதற்கு அது வாதமில்லை.

ஆபரேஷன் என்று முடிவானால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை. தொண்டையில் டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படலம் படியும், வாய் நாறும். சீழ் இல்லை, புண் ஆறும் விதமே அது. வலி ஏழு முதல் பதினான்கு நாள் இருக்கும், நான்காம் ஐந்தாம் நாள் குறைவதற்குப் பதில் கூடும், காதிலும் வலிக்கும். வலிக்கிறது என்று குடிக்காமல் விட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும், அதனால் வலி மருந்தைக் கேட்கும்போது மட்டும் கொடுக்காமல் முதல் சில நாள் நேரம் பார்த்துக் கொடுங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை கடையில் இருக்கிறது. பழைய பாட்டிலின் அளவில் புதிய பாட்டிலை ஊற்றுவது வழக்கமான தவறு, ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படியுங்கள். கோடீன் கலந்த மருந்தோ ஆஸ்பிரினோ கொடுக்கக் கூடாது. மோர், இளநீர், குழைந்த சாதம், ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம், முறுக்கும் காரமும் இரண்டு வாரம் வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் படலம் உரியும்போது ரத்தம் வரலாம். எச்சிலில் ஒரு கோடு என்றால்கூட டாக்டருக்கு போன் பண்ணுங்கள். வாய் நிறையச் சிவப்பாக வந்தாலோ, ராத்திரி தூங்கும்போது அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்த இரண்டு வாரம் வெளியூர்க் கல்யாணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பையனுக்கு வருவோம். எட்டு மாதமாகத் தினமும் குறட்டை, வாயால் மூச்சு என்பதால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. இது அவசரப் பிரிவு விஷயம் இல்லை, ஆனால் வருடம் முழுக்கத் தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. இந்த வாரம் மூன்று விடியற்காலை வீடியோ எடுங்கள். எடை, உயர அட்டையையும் எக்ஸ்ரேயையும் எடுத்து வையுங்கள். பள்ளியில் கவனம் எப்படி என்று மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கின்றன. ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். வீடியோவில் மூச்சு நிற்கவில்லை, மார்பு குழியவில்லை, பகலில் நன்றாக இருக்கிறான், எடை ஏறுகிறது, காது கேட்கிறது என்றால் ஸ்ப்ரேயோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்து, மறுபடி வீடியோ எடுத்து ஒப்பிடலாம். மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் பரிசோதனைக்கோ ஆபரேஷனுக்கோ தேதி வாங்குங்கள், முடிந்தபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே நான்கு மணி அலாரத்தை ஒருமுறை வையுங்கள். குறட்டை மிச்சமிருந்தால் திரும்பக் கூட்டிப் போங்கள், ஏனென்றால் ஆபரேஷன் செய்துவிட்டார்கள் என்பதாலேயே யாரும் மறுபடி அவன் தூங்குவதைப் பார்க்க மாட்டார்கள்.